மாதம் ஒரு பல்வலி

கலியாணமாகி முதல் மூன்று வருடம் எனக்கு மாதம் தவறாமல் பல்வலி வந்தது. பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. கரும்பைக் கடித்து இழுத்தாலும் அசையாத பற்கள். வலி என்று நான் சொன்னதெல்லாம் தாடையில் முளைத்த முடிக்காக. இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. வெட்கம் எப்போதோ போய்விட்டது. அலுப்பு மட்டும் போகவில்லை.

பதினாறு வயதில் மேலுதட்டில் பூனைமுடி கறுக்க ஆரம்பித்தது. பதினெட்டில் தாடைக்கு அடியிலும் காதோரத்திலும் இறங்கிவிட்டது. சிலமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து அம்மா கஸ்தூரி மஞ்சள் தேய்த்தாள், குப்பைமேனியை அரைத்துத் தேய்த்தாள். தேய்ந்தது என் தோல்தான். பிறகு முள் எடுக்கும் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் இரண்டு எட்டிப் பார்க்கும். கையிலும்தான் முடி. அதற்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்ளலாம். முகத்துக்கு எதைப் போடுவது?

முதலில் வந்த சம்பந்தம் பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர்களுடையது. மாப்பிள்ளையின் சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பூ வைத்துவிடுவதுபோலத் தலையைத் தொட்டாள், முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "பொண்ணுக்கு ஆம்பள ஜாடையா இருக்குதாம்ல" என்றார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அம்மா அடுக்களையில் எல்லாப் பாத்திரத்தையும் இரண்டாவது முறை துலக்கினாள்.

அடுத்த சம்பந்தம் மலையிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், அவருடைய அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம். அம்மாவும் அவரும் மட்டும்தான். பெண் பார்க்க அவர்கள் வந்தது சாயங்காலம். மின்சாரமும் இல்லை. என் நல்ல நேரமோ அவருடைய கெட்ட நேரமோ, முடிந்துவிட்டது. தாலி கட்டுவதற்கு முந்தின நாள் அம்மா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"கட்டிக்கிட்டவனுக்குத் தெரிஞ்சா மறுநாளே ஜீப்பு ஏத்தி அனுப்பிருவான். செத்தாலும் சொல்லிறாத" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? ஒருத்தி வெறும் கண்ணால் பார்த்துவிட்டே வேண்டாம் என்று போனாள். இவர் ஒரே வீட்டில், ஒரே பாயில் இருக்கப்போகிறவர்.

சாமணத்தோடு மலையேறினேன். பத்து நாள் தாக்குப்பிடித்தேன். மலை வீட்டில் தனியாக இருப்பது என்பதே கிடையாது. குளிக்கப் போனால் அத்தை, அதாவது அவருடைய அம்மா, வெந்நீர் போதுமா என்று வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். கண்ணாடி முன்னால் நின்றால், "என்ன ஆத்தா, கண்ணுல தூசியா?" என்று வந்துவிடுவார். நல்ல மனுஷி. அந்த நல்லதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

அப்போதுதான் அம்மா ஆள் விட்டுச் சொன்னாள், போடியில் ஒரு மலையாளத்துச் சேச்சி இருக்கிறாள் என்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் முன்னறை தையல் கடை. பின்னறையில் முடி எடுக்கும் சோலி. எறணாகுளத்தில் எங்கோ கற்றுக்கொண்டு வந்தவள். போர்டெல்லாம் கிடையாது. ரவிக்கை அளவு கொடுக்கப் போவதுபோலப் போகவேண்டும். கதவைச் சாத்திவிட்டுச் சர்க்கரையையும் எலுமிச்சம் சாற்றையும் பாகு காய்ச்சுவாள். அறை முழுக்கக் கமர்கட்டு வாசம் வரும். அந்த வாசத்தை நம்பி முதல் தடவை தைரியமாக உட்கார்ந்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் மொன்னைக் கத்தியால் தாடையில் இழுத்துத் தடவி, மேலே பழைய வேட்டித் துண்டை ஒட்டி அழுத்தி, "அனங்காதே மோளே", அதாவது அசையாதே மகளே, என்று சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பு. உயிர் போய்த் திரும்பி வந்தது. நான் போட்ட சத்தத்தில் முன்னறையில் வேலைக்காரப் பெண்ணின் தையல் மிஷின் நின்றுவிட்டது.

"தீர்ந்நு, தீர்ந்நு" என்பாள். ஒன்றும் தீர்ந்திருக்காது. இன்னும் பன்னிரண்டு இழுப்பு இருக்கும்.

ஆனால் முடிந்த பிறகு கண்ணாடியைக் காட்டினாள் பாருங்கள். சிவந்து, புள்ளி புள்ளியாகத் தடித்து, கண்ணெல்லாம் நீர். அதற்கு நடுவில் ஒரு முடி இல்லை. நான் என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குத் தாலி கட்டின அன்றைக்குக்கூட வரவில்லை.

சேச்சி சட்டம் போட்டாள். இரண்டு நாளைக்கு மஞ்சள் கூடாது, சோப்பு கூடாது, வெந்நீர், வெயில், புகை எதுவும் கூடாது. பச்சைத்தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் மட்டும். அடுத்த தடவை வருவதற்கு முன்னால் சாமணத்தைத் தொடவே கூடாது. அரிசி நீளம் வளர்ந்தால்தான் பாகு பிடிக்கும், இல்லாவிட்டால் தோல்தான் உரியும் என்றாள்.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அரிசி நீளம் வளரும்வரை வளர்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடமாட வேண்டும். முகத்தை மூடினால் ஏன் என்று கேட்பார்கள். முடிந்து வந்த பிறகு கன்னம் வீங்கிச் சிவந்திருக்கும். அதற்கும் ஏன் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் வேண்டியிருந்தது. ஜீப்பில் மலையேறும்போது குளிருக்காக மப்ளரைத் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தை கேட்டார், "என்னாச்சு ஆத்தா, பல்லு வலியா?"

"ஆமா அத்தை" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை மூன்று வருடம் ஓடியது.

மாதத்தில் ஒரு வாரம் மப்ளர். நாலாம் நாளிலிருந்து வாயில் கிராம்பு. பேச்சைக் குறைத்துக்கொள்வேன். சாப்பாட்டை ஒரு பக்கமாக மெல்லுவேன். எந்தப் பக்கம் மெல்லுகிறோம் என்பது எனக்கே மறந்துபோகும், இடையில் பக்கம் மாற்றிவிட்டு, பார்த்தார்களோ என்று பயப்படுவேன். பிறகு பல் டாக்டரைப் பார்க்க என்று காலை ஜீப்பில் போடிக்கு இறங்கி, சாயங்கால ஜீப்பில் வீங்கிய முகத்தோடு ஏறி வருவேன். அடுத்த இரண்டு நாள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் போகமாட்டேன். அடுப்புக் குழாயின் அனல் பட்டால் தாடை மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரியும். மூன்றாம் நாள் சின்னச் சின்னக் கொப்புளம் வரும், உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொண்ட முடி அரிக்கும். அது ஆறி, முகம் முகமாக இருப்பது மாதத்தில் பத்து நாள். அந்தப் பத்து நாள்தான் நான் குடும்பம் நடத்தினேன்.

அவர் பாவம். மப்ளர் வாரத்தில் ஆசையாகக் கையைக் கன்னத்துக்குக் கொண்டுவருவார். "பல்லு வலிக்குதுங்க" என்பேன். உடனே கையை எடுத்துக்கொள்வார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுநாள் தோட்டத்திலிருந்து வரும்போது யாரிடமாவது கேட்டு ஏதாவது பச்சிலை கொண்டுவருவார். அதையும் மெல்லுவேன். கசப்பு நாக்கோடு போகாது, வயிறுவரை இறங்கும்.

ஒரு ஆடி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சேச்சி அன்றைக்கு இரண்டு தடவை பாகு இழுத்தாள். முதல் தடவை சரியாகப் பிடிக்கவில்லை. தோல் பச்சைப் புண்ணாக இருந்தது. மண்சரிவில் ஜீப் நின்று, நான் வீடு வந்து சேர இருட்டத் தொடங்கிவிட்டது. அத்தை அடுப்படியில் எனக்காகக் காத்திருந்தார். உரைகல்லில் எதையோ உரசி வைத்திருந்தார்.

"மாசாமாசம் இந்தப் பிள்ள படுற பாடு பாக்கச் சகிக்கல. வா ஆத்தா, இன்னைக்கு நானே பத்துப் போட்டு விடுறேன்" என்றார்.

சுக்கு, மிளகு, அதோடு விரல் நுனியில் சுண்ணாம்பு. மூன்றையும் குழைத்து இரும்புக் கரண்டியில் சூடு காட்டி வைத்திருந்தார். மஞ்சள்கூடக் கூடாது என்று சேச்சி சொன்ன தோலில் இதைப் பூசப்போகிறார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்ல? பல்வலிக்காரி பத்து வேண்டாம் என்பாளா? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பூசினார். அம்மாடி! கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. உட்கார்ந்திருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எரியுதா?"

தலையை ஆட்டினேன்.

"எரியட்டும். எரிஞ்சாத்தான் நீரு இறங்கும்" என்று இன்னொரு விரல் எடுத்துத் தாடைக்கு அடியிலும் தடவினார். அந்தக் கையில் அத்தனை அன்பு இருந்தது. அந்த அன்பைத் தூக்கி அடுப்பில் போடலாம்போல எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை, அம்மா மேல். செத்தாலும் சொல்லாதே என்றாளே, அவள் மேல்.

விடிந்தபோது இடது கன்னம் கண்வரை வீங்கியிருந்தது. தாடையில் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்து வடிந்தது. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது.

"சீழு வெளிய வந்துருச்சும்மா" என்றார் அத்தையிடம். என்னைப் பார்த்து, "மூணு வருசமா அந்தப் போடி டாக்டரு என்னதான் பண்ணுனான்? அவன நம்புனா இனி ஆகாது. வெரசா கெளம்பு, மதுரைக்குப் போவோம்" என்றார்.

"சரியாப் போயிரும்ங்க" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. அவ்வளவு அவசரமாக அவர் சட்டை மாட்டி நான் பார்த்ததில்லை. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார்.

போடியில் மதுரை ரயில் ஏறினோம். ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, காற்று கன்னத்தில் அடிக்காமல் இருக்கத் தன் துண்டை வழியெல்லாம் விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆண்டிபட்டியில் நினைத்தேன், உசிலம்பட்டியில் நினைத்தேன். அதற்குள் தேவாரத்துச் சித்தி கேசரி சாப்பிட்டது ஞாபகம் வந்தது. துண்டு பிடிக்கும் இந்தக் கை அதற்குப் பிறகும் துண்டு பிடிக்குமா?

மதுரை டாக்டர் வயசானவர். கன்னத்தைப் பார்த்ததுமே, "இது என்ன புண்ணு?" என்றார்.

"எங்கம்மா சுக்குப் பத்து போட்டாங்க சார்" என்றார் இவர்.

"உங்களையெல்லாம்…" என்று டாக்டர் முணுமுணுத்தார். வாயைத் திறக்கச் சொல்லிக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். "வலிக்குதா? இங்க? இங்க?" என்று கேட்டுக்கொண்டே கடைசிப் பல்வரை போனார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எல்லாமே நல்லா இருக்கேம்மா. எந்தப் பல்லு வலிக்குது?"

இவர் என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பல்லில் ஒன்றுமில்லை என்றால், மூன்று வருடமாக இவள் போடியில் யாரைப் பார்க்கப் போனாள்? அந்தக் கேள்வி இன்னும் அவருக்கு வரவில்லை. வருவதற்குள் நான் விரலை வாய்க்குள் விட்டு, கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல்லைத் தொட்டேன்.

"இதுதான் டாக்டர். புடுங்கிருங்க."

"சொத்தை இல்லையேம்மா. நல்ல பல்லைப் போய்…"

இவர் கைகூப்பினார். "மூணு வருசமா துடிக்கிறா சார். பாத்துக்கிட்டு இருக்க முடியல. புடுங்கிருங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

டாக்டர் மறுபடியும் என்னைக் கேட்டார். நான் மறுபடியும் அதே பல்லைத் தொட்டேன். ஊசி போட்டு, குறடு போட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டினார். நல்ல பல் லேசில் வரவில்லை. எலும்போடு மல்லுக்கட்டியது. வந்தபோது இரண்டு வேரும் முழுசாக இருந்தன. ரயிலில் திரும்பும்போது இவர் அதைக் காகிதத்திலிருந்து எடுத்து விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொத்தையவே காணோமே" என்றார். என் வாயில் பஞ்சு இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஈறு பத்து நாளில் ஆறியது. கன்னம் ஆற ஒரு மாதம் ஆயிற்று, தாடையில் கருப்புத் தழும்பு விழுந்துவிட்டது. "பீடை ஒழிஞ்சுச்சு" என்று அத்தை தண்ணீர் சுற்றிக் கொட்டினார். இவர் என்னைச் சிரிக்கவைத்து, மறுபடி சிரிக்கவைத்து, வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் மரமண்டைக்கு உறைத்தது. வலி போனால் போடிக்கு எதற்கு இறங்குவேன்? காரணத்தை நானே கை காட்டிப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

முடிக்கு இதெல்லாம் தெரியுமா? தழும்பைத் துளைத்துக்கொண்டு முன்னைவிட முரட்டுத்தனமாக வந்தது. தோல் இன்னும் நொய்ந்து இருந்ததால் சாமணம் வைத்தால் ரத்தம் வந்தது. இரண்டு நாள் முந்தானையைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சமாளித்தேன். மூன்றாம் நாள் காலை, வேறு வழி தெரியாமல், மப்ளரை எடுத்துத் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டு முன்னால் நல்ல வெளிச்சம். மஞ்சுமூட்டம் கலைந்திருந்தது. ஸ்டோரிலிருந்து அவர் வந்தார். மப்ளரைப் பார்த்தார். கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"திரும்பவுமா?"

நான் மப்ளர் முடிச்சை இறுக்கினேன்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விருட்டென்று எழுந்தார். "அந்தாளு தப்பான பல்லப் புடுங்கிட்டான். எனக்கு அப்பவே தெரியும். சொத்தையே இல்லையே! நான் இன்னைக்கே மதுரைக்குப் போறேன். அவன் சட்டையப் புடிச்சுக் கேக்குறேன்" என்று உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வயசான மனிதர் வேண்டாம் வேண்டாம் என்றுதானே சொன்னார். இவர் போய் அவர் சட்டையைப் பிடிப்பார், அவர் எந்தப் பல்லிலும் கோளாறே இல்லை என்று போட்டு உடைப்பார், இல்லாவிட்டால் அடி வாங்குவார்.

எனக்கு அலுத்துவிட்டது. தைரியம் வந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். மேலே சொல்ல என்னிடம் பொய் இல்லை, இருந்தாலும் சொல்லத் தெம்பு இல்லை. மப்ளரை அவிழ்த்தேன்.

"இங்க பாருங்க. பல்லு இல்ல. இதுதான். மூணு வருசமா இதுக்குத்தான் போடிக்குப் போனேன். ஒரு சேச்சி எடுத்து விடுவா. பல்லு வலிச்சதே இல்ல."

வெளிச்சத்தில் நின்றேன். அவர் பார்த்தார். என் தாடையை, மேலுதட்டை, காதோரத்தை எல்லாம் பார்த்தார். சிரிப்பாரா, காறித் துப்புவாரா, ஜீப்பை நிறுத்தச் சொல்லுவாரா என்று நின்றேன். எந்த வார்த்தை வந்தாலும் வாங்கிக்கொள்ள மூன்று வருடமாக என்னைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

"அப்ப அந்தப் பல்லு?" என்றார்.

"நல்ல பல்லுதாங்க."

அவருக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. "அவரு வேணாம்னாரே. ரெண்டு தடவ வேணாம்னாரே. நான்தானடி கையெடுத்துக் கும்புட்டுப் புடுங்கச் சொன்னேன்" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என்னப்பு சத்தம்? அந்தப் பிள்ளைக்குத் திரும்பப் பல்லு வலியா?"

அவர் துண்டை எடுத்தார். என்னைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். கீழே கிடந்த மப்ளரை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தார், கட்டிக்கொள் என்பதுபோல.

"ஆமாம்மா" என்று உரக்கச் சொன்னார். "பக்கத்துப் பல்லு. நாளைக்கு நானே போடிக்குக் கூட்டிட்டுப் போறேன்."